இருநூறு அடி

நவம்பரில் விழுந்தது இன்னும் அடியில் கிடக்கிறது.
அதன்மேல் டிசம்பர். அதன்மேல் ஜனவரி.
எதிர்வீட்டுத் தபால்பெட்டியின் சிவப்புக் கொடி மட்டும்
மூச்சு வாங்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.
மார்க்வெட்டுக்குப் பனி புதிதில்லை.
ஆனால் இந்த வருடம் ஏரியே இறுகிப்போய்
அலைச் சத்தம் இல்லாமல் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

என் வண்டியின் பேட்டரி கட்டிலுக்கடியில்.
எஞ்சின் ஆயில் கம்பிப்பதம் தாண்டிய பாகு.
வெண்டெலின் ஏர் ஃபில்டரில் எலி குட்டி போட்டுவிட்டது,
ஏப்ரல்வரை வாடகை கேட்கப்போவதில்லை என்கிறான்.
ரெய்னோ ஞாயிறுதோறும் கராஜுக்குப் போய்
ஹெல்மெட் மாட்டி, சீட்டில் ஏறி,
ஒரு குவளை காப்பி குடித்துவிட்டு இறங்குகிறான்.
எங்கே போனாய் என்று மனைவி கேட்பதில்லை.
"மினசோட்டா வரைக்கும்" என்று அவனே சொல்லிக்கொள்கிறான்.

மார்லிஸ் லாஹ்தி பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள்.
விடிகாலை நான்குக்கு அவள் கத்தி தெருவைச் சுரண்டும்,
சுரண்டியதையெல்லாம் எங்கள் வாசல்களில்
வரப்பு கட்டிவிட்டுப் போகும்.
படுக்கையில் இருந்தபடியே திட்டுவோம்.
அவளும் எங்களோடு வண்டி ஓட்டுகிறவள்தான்.

அவள் கராஜ் சுவரில் பென்சில் கோடுகள்,
நூற்று முப்பத்தொன்று.
மாதத்துக்கு ஒன்று. ஒரு மாதமும்
வண்டி எடுக்காமல் கழிந்ததில்லை.
பரிசில்லை, பந்தயமில்லை, யாரும் கேட்டதுமில்லை.
ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
வானம் மூன்று மணி நேரம் ஏமாந்தபோது
போய்விட்டு வந்துவிட்டாள்.
பிப்ரவரி ஏமாறவில்லை.

இருபத்தெட்டாம் தேதி மதியம் ரெய்னோ போன் செய்தான்.
"மண்வெட்டி இருக்கிறதா?"
அவ்வளவுதான் பேச்சு.

நான்கு பேர்.
காலுறைக்குமேல் ரொட்டிப் பை சுற்றிக்கொண்டு
அவள் கராஜ் கதவிலிருந்து சாலைவரை
இருநூறு அடி.
மேலே இருந்தது இறகு,
நடுவில் மணல்,
அடியில் நவம்பர், அது கல்.
வெண்டெல் கடப்பாரை கொண்டுவந்தான்.
முதலில் இடுப்பு வலியைப் பற்றிப் பேசினோம்.
பிறகு அதையும் பேசவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு வந்தாள்,
ஊர்ச் சாலையெல்லாம் தள்ளி முடித்து.
கார் விளக்கில் அந்த ஒற்றையடிப் பள்ளத்தைப் பார்த்தாள்.
"யார் வேலை இது?"
"காற்று" என்றான் வெண்டெல்.

அவள் பேட்டரி செத்திருந்தது.
என்னுடையதைக் கோட்டுக்குள் பொத்தி எடுத்துப் போயிருந்தேன்.
மூன்று முறை இருமியது. நான்காவதில் பிடித்தது.
தெருவில் இரண்டு ஜன்னல்களில் விளக்கு எரிந்தது.

முதல் கியர்.
இரண்டு கால்களையும் துடுப்பாக ஊன்றி ஊன்றி
கதவிலிருந்து சாலைக்கு.
திருப்ப இடமில்லை.
அவள் மேலே உட்கார்ந்திருக்க
நாலு பேரும் வண்டியைத் தூக்கித் திருப்பினோம்.
சாலையிலிருந்து கதவுக்கு.

மீட்டரின் கடைசி எண் பாதி உருண்டு நின்றது,
ஆறு போகவில்லை, ஏழு வரவில்லை.
டார்ச் அடித்துப் பார்த்து
"கணக்குதான்" என்றாள்.
கையுறையைப் பல்லால் கழற்றிக் கோடு போட்டாள்.
பென்சில் முனை உடைந்தது. மிச்சத்தால் முடித்தாள்.

பிறகு அவள் வீட்டு சானாவில் வரிசையாக உட்கார்ந்து
உள்ளங்கைக் கொப்புளங்களை
ஆவியில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

விடிகாலை நான்கு.
சுரண்டும் சத்தம்.
ஜன்னலைத் துடைத்துவிட்டு நின்றேன்,
என் வாசல் வரும்போதாவது கத்தியைத் தூக்குவாள் என்று
ஒரு நப்பாசை.
தூக்கவில்லை.
இடுப்பளவு வரப்பு, எப்போதையும்விடக் கொஞ்சம் நேராக.

திட்டினேன்,
அதே பழைய வார்த்தைகளால்.
மார்ச் முதல் தேதி.
அவளுக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது.